சூரியப் புள்ளிகளும் சென்னை மழையும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம், மழையை முன்கூட்டியே உணர்த்தும் குறிகளைத் தேடும் வேட்கையைக் கூர்மையாக்கியது. 1877இல் இந்திய அரசின் புள்ளியியல் தலைமை இயக்குநர் வில்லியம் ஹண்டர், சென்னையில் 1813 முதல் அளந்து எழுதப்பட்டுவந்த மழைக் கணக்கைச் சூரியப் புள்ளிகளோடு, அதாவது சூரியனின் மேற்பரப்பில் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் கரும்புள்ளிகளோடு ஒப்பிட்டு, அவை அருகும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்றார். ஆங்கிலப் பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் அதற்கும் அப்பால் சென்று, இந்தியாவில் விளைச்சல் குன்றித் தானிய விலை ஏறும்போது மக்கள் இங்கிலாந்துத் துணி வாங்குவது குறைவதால் இங்கிலாந்தின் வணிகமும் நெருக்கடிக்கு உள்ளாகிறது என்று வாதிட்டார். சூரியப் புள்ளிகளின் சுழற்சிக் காலமும் வணிக நெருக்கடிகளின் சுழற்சிக் காலமும் பொருந்தாதபோது, பழைய நெருக்கடிகளைத் தேடிச் சேர்த்தாரே தவிர, கொள்கையைக் கைவிடவில்லை. பட்டினியால் இலட்சக்கணக்கானோர் மடிந்த அதே காலத்தில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது என்பதை இத்தகைய வான்குறி விளக்கங்கள் பின்னுக்குத் தள்ளின. அவ்வாறு பின்னுக்குத் தள்ளியது பொறுத்துக்கொள்ளத்தக்க பிழையன்று.

பயன்தரும் குறிகள் வேறிடங்களில் கிடைத்தன. 1875இல் அமைந்த இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குன்றும் எனக் கொண்டு 1880களில் முன்கணிப்புகளை வெளியிட்டார். 1904இல் பொறுப்பேற்ற கணிதவியலாளர் கில்பர்ட் வாக்கர், பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் இறங்கும் ஊசலாட்டத்தைக் கண்டறிந்து, அதற்குத் தெற்கு அலைவு என்று பெயரிட்டார். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ நிலையைக் கணிப்போர் இன்றும் அதையே கவனிக்கின்றனர்.