கேமரா நினைவட்டைப் பழுது

கேமராவில் செருகிய பின்னும் நினைவட்டை, அதாவது மெமரி கார்டு, உள்ளே இருப்பதைக் கருவி உணராமல் போவதும், உணர்ந்தும் படங்களைத் திறக்க இயலாமல் பிழைச் செய்தி காட்டுவதும் நினைவட்டைப் பழுது எனப்படும். ஒளிப்பட நிலையங்களில் 'கார்டு கரப்ட் ஆகிவிட்டது' என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், மின்தொடர்பு விடுபடுதல், அட்டையின் வகையைக் கருவி ஏற்காமை, கோப்பு முறைமை சிதைதல், அட்டையின் உட்சுற்றே செயலிழத்தல் என இதற்கு வெவ்வேறு காரணங்கள் உண்டு. முதல் மூன்றிலும் படங்கள் பெரும்பாலும் அட்டைக்குள் பத்திரமாகவே இருக்கின்றன. பழுது கண்ட பதற்றத்தில் செய்யப்படும் செயல்களே பல வேளைகளில் அவற்றை அழித்துவிடுகின்றன. எனவே காரணம் தெளிவாகும் வரை அட்டையில் புதிதாக எதையும் எழுதவோ ஃபார்மேட் செய்யவோ கூடாது.

இன்று பரவலாக வழங்கும் எஸ்.டி. அட்டையை சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1999இல் அறிவித்தன. 32 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் 2.1 மி.மீ. தடிப்பும் கொண்ட அதன் உறைக்குள், தரவைச் சேமிக்கும் ஃபிளாஷ் சில்லும் அதை ஆளும் கட்டுப்படுத்திச் சில்லும் உள்ளன. எந்தத் தரவு எந்த நினைவறையில் உள்ளது என்ற கணக்கைக் கட்டுப்படுத்தியே வைத்திருப்பதாலும், கேமரா அதன் வழியாகவே தரவை அணுகுவதாலும், அது கெட்டால் ஃபிளாஷ் நல்ல நிலையில் இருந்தும் படங்களை அடையும் வழி அடைபட்டுவிடுகிறது.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குவதே முறை. அட்டையின் பின்புறம் வரிசையாக உள்ள தங்க முலாம் பூசிய தொடுமுனைகளில் விரலின் எண்ணெய்ப் பசையோ தூசோ படிந்திருந்தால், நூல் பிரியாத உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து, வேறொரு கார்டு ரீடரில் செருகிப் பார்க்க வேண்டும். நன்றாக இயங்கும் வேறொரு அட்டையையும் அதே கேமரா ஏற்க மறுத்தால் பழுது கேமராவின் செருகுவாயில் இருக்கிறது. அட்டையின் பக்கவாட்டில் உள்ள சிறு நகர்பூட்டு அட்டையின் மின்சுற்றோடு இணைக்கப்பட்டதன்று. அது நிற்கும் இடத்தைச் செருகுவாயே உணர்ந்துகொள்கிறது. ஆதலால் பூட்டு தளர்ந்தோ உடைந்தோ போனால், எழுதத் தடை உள்ளதாகக் கருவி சொல்லுமே தவிர, உள்ளிருக்கும் படங்களுக்குத் தீங்கு நேர்வதில்லை.

கொள்ளளவால் வரும் பிணக்கு பழைய கருவிகளில் மிகுதி. தொடக்க கால எஸ்.டி. அட்டை 2 ஜிபி வரையும், 2006இல் வந்த எஸ்.டி.எச்.சி. 32 ஜிபி வரையும், 2009இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. 2 டிபி வரையும் கொள்ளும். எஸ்.டி.எச்.சி. காலத்துக் கேமராவோ கார்டு ரீடரோ 64 ஜிபி அட்டையை ஏற்காவிட்டால் அட்டையைக் குறை சொல்ல இயலாது. உண்மைக் கொள்ளளவை மிகைப்படுத்திக் காட்டும் போலி அட்டைகளின் நிலை வேறு. மெய்யான எல்லைக்கு மேல் எழுதப்படும் படங்கள் எங்கும் சேமிக்கப்படாததால் அவற்றை மீட்க வழியில்லை.

மிகுதியாக நேர்வதும், பொறுமையால் மீட்கக்கூடியதும் கோப்பு முறைமைச் சிதைவே. எந்தப் படம் எங்கே தொடங்கி எங்கே தொடர்கிறது என்பதைக் குறிக்கும் அட்டவணை அட்டையிலேயே உள்ளது. பதிவு விளக்கு எரியும்போது அட்டையை உருவினாலோ மின்கலம் தீர்ந்தாலோ அட்டவணை அரைகுறையாக நின்றுவிடுகிறது; பொருளடக்கம் கிழிந்த நூலில் பக்கங்கள் எஞ்சியிருப்பதுபோலப் படங்கள் எஞ்சியிருக்க, கணினியோ அட்டையை ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்கிறது. அதை மறுத்துவிட்டு, விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதியில் அட்டையின் அளவு சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சரியாகத் தெரிந்தால் கட்டுப்படுத்தி பெரும்பாலும் இயங்குகிறது என்று கொள்ளலாம்.

அதன்பின் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் அட்டை முழுவதையும் கணினியில் நகலெடுத்து, மீட்பு வேலையை நகலின்மீதே செய்வது பாதுகாப்பானது. பிழைதிருத்தும் செக்டிஸ்க் கட்டளையை மூல அட்டையிலேயே ஓட்டினால், அது அட்டவணையைத் தன் போக்கில் மாற்றி எழுதி எஞ்சிய தடயங்களையும் குலைக்கக்கூடும். கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அட்டவணையை நம்பாமல், படக்கோப்புகள் தொடங்கும் இடத்தில் அமைந்திருக்கும் அடையாள பைட்டுகளைத் தேடிப் படங்களை மீட்கிறது. கோப்புப் பெயர்கள் இதில் திரும்பக் கிடைப்பதில்லை; துண்டுதுண்டாகப் பதிவான காணொளிகள் முழுமையாக மீளாமலும் போகலாம்.

எந்த ரீடரிலும் அட்டை தென்படாவிட்டாலும், அளவு சுழியமாகக் காட்டினாலும் கட்டுப்படுத்தி கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அங்கே மென்பொருளால் பயனில்லை. தரவு மீட்பகங்கள் சில்லைத் தனியே எடுத்துப் படிக்க முயல்வதுண்டு. மைக்ரோ எஸ்.டி. அட்டையில் எல்லாம் ஒரே வார்ப்புக்குள் அடங்கியிருப்பதால், மேற்பூச்சைச் சுரண்டி உள்ளிணைப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது. இதற்கான செலவு பன்மடங்கு கூடும்.

மீட்ட படங்களைத் திறந்து சரிபார்த்த பிறகே அட்டையைக் கேமராவில் ஃபார்மேட் செய்து மீண்டும் பயன்படுத்தலாம். காரணம் புலப்படாமல் இரண்டாம் முறையும் பழுதுகண்ட அட்டையை, அது அப்போதைக்குச் சரியாக இயங்கினாலும், பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும்.