புனித பேட்ரிக் நாள் பியர்

புனித பேட்ரிக் நாள் பியர் என்பது, அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் நினைவாக ஆண்டுதோறும் மார்ச் 17 அன்று கொண்டாடப்படும் விழாவில் பரிமாறப்படும் பியர் வகைகளைக் குறிக்கும். கருநிற ஸ்டவுட், பச்சை நிறமூட்டிய லாகர், இரு பியர்களை அடுக்காக ஊற்றிய கலப்புப் பானம் ஆகியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இன்று பியர் இவ்விழாவின் அடையாளமாகக் கருதப்பட்டாலும், அயர்லாந்திலேயே இந்நாளில் மதுக்கூடங்கள் 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டப்படி மூடப்பட்டிருந்தன.

வரலாறு

மார்ச் 17 பெரும்பாலும் கிறித்தவர்களின் தவக்காலத்தில் வரும். அன்று ஒரு நாள் மட்டும் நோன்பைத் தளர்த்துவது மரபு. இதனால் உணவும் மதுவும் விழாவின் பகுதியாயின. சாம்ராக் எனப்படும் மூவிலைச் செடியின் இலையை அந்நாளின் இறுதிக் கோப்பையில் இட்டு, வாழ்த்துக் கூறிக் குடிக்கும் வழக்கமும் உண்டு. இது "சாம்ராக்கை மூழ்கடித்தல்" எனப்படும்.

1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நாள் அயர்லாந்தில் பொது விடுமுறையானது. 1927ஆம் ஆண்டின் மதுச் சட்டம் கிறித்துமசு, புனித வெள்ளி ஆகியவற்றுடன் இந்நாளிலும் மதுக்கூடங்களை மூட ஆணையிட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் பேட்ரிக் நாளுக்கான தடையை நீக்கியது. புனித வெள்ளிக்கான தடை 2018இல் நீக்கப்பட்டது.

ஸ்டவுட் பரிமாறும் முறை

ஸ்டவுட்டின் கருநிறத்துக்கு வறுத்த வாற்கோதுமையே காரணம். ஆர்தர் கின்னஸ் 1759இல் டப்ளினில் தொடங்கிய ஆலையின் ஸ்டவுட் இவ்வகையில் பெயர் பெற்றது. இது இரு கட்டங்களாக ஊற்றப்படும். முதலில் கண்ணாடிக் குவளையை ஏறத்தாழ 45 பாகை சாய்த்து முக்கால் பங்கு நிரப்புவர். நுரை மேலெழுந்து படிந்த பின்னர், குவளையை நேராக நிறுத்தி எஞ்சிய பகுதியை நிரப்புவர். இதில் கார்பன் டைஆக்சைடுடன் நைட்ரசனும் சேர்க்கப்படுகிறது. நைட்ரசன் நீரில் எளிதில் கரையாது. அதனால் சிறு குமிழிகளும் நீடித்து நிற்கும் வெண்ணுரையும் உண்டாகின்றன. அயர்லாந்தில் ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலிட்டர் ஆகும்.

பச்சை பியர்

பச்சை பியர் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய வழக்கமாகும். 1914இல் நியூயார்க்கில் நடந்த விருந்தொன்றில் இது பரிமாறப்பட்டதாக அக்கால நாளிதழ்ச் செய்தி கூறுகிறது. வெளிர்நிற லாகரில் உணவுக்கான பச்சை நிறமியைச் சில துளிகள் சேர்ப்பர். லாகர் மஞ்சள் நிறமுடையதாதலால் நீல நிறமியும் பச்சையையே தரும். சுவை மாறுவதில்லை. கருநிற ஸ்டவுட்டில் இந்நிறம் தெரியாது.

கலப்புப் பானமும் பெயர்ச் சிக்கலும்

குவளையின் பாதிவரை வெளிர்நிற ஏல் அல்லது லாகரை நிரப்பி, கவிழ்த்த கரண்டியின் முதுகின்மீது ஸ்டவுட்டை மெல்ல ஊற்றினால் இரண்டும் அடுக்குகளாக நிற்கும். ஸ்டவுட்டின் அடர்த்தி சற்றுக் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். அமெரிக்காவில் இது "பிளாக் அண்ட் டான்" எனப்படுகிறது.

அயர்லாந்து விடுதலைப் போரின்போது 1920இல் பிரித்தானிய அரசு காவல்துறையில் சேர்த்த துணை ஆட்களும் இதே பெயரால் அழைக்கப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் அவர்கள் பால்பிரிகன் நகரில் வீடுகளைத் தீயிட்டனர். பானத்தின் பெயர் அவர்களிடமிருந்து வந்ததன்று. ஆயினும் அயர்லாந்தில் அப்பெயரைச் சொல்லிப் பானம் கேட்பது மனத்தைப் புண்படுத்துவதாகக் கருதப்படுகிறது. "பாதிக்குப் பாதி" எனப் பொருள்படும் "ஆஃப் அண்ட் ஆஃப்" என்ற பெயரே அங்கு ஏற்புடையது.