பாவசங்கீர்த்தனத் தொட்டி பிறந்த கதை

கத்தோலிக்கக் கோவிலில் ஓரமாக நிற்கும் அந்த மரத்தடுப்பு ஆதிகாலத்துச் சாமான் இல்லை. வயது சுமார் 450தான்.

தொடக்ககாலத் திருச்சபையில் பெரும் பாவம் செய்தவர் ஊரறியத் தவம் கிடக்க வேண்டும். அந்த வாய்ப்பும் வாழ்நாளில் ஒரே தடவை. பாவத்தைக் குருவிடம் காதோடு காதாக, எத்தனை முறையும் சொல்லலாம் என்ற பாவசங்கீர்த்தன வழக்கத்தைப் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் வெறும் ரொட்டியும் தண்ணீரும் என்று கையேடே வைத்திருந்தார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் கட்டாயம் என்றது. கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குப் பதவி போகும், ஆயுள் முழுக்க மடத்தில் அடைப்பு என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

அப்போதும் தொட்டி கிடையாது. குரு நாற்காலியில் இருப்பார். வந்தவர் பக்கத்தில் மண்டியிடுவார். பெண்கள் அவ்வளவு நெருக்கத்தில் அந்தரங்கம் பேசுவது வம்புக்கு வழிவிட்டது. மிலான் பேராயர் கார்லோ பொரோமியோ இதைத் தச்சரிடம் விட்டார். கோவில் கட்டுவதற்கு அவர் 1577இல் வெளியிட்ட விதிநூலில் அளவெல்லாம் உண்டு: நடுவே பலகை, பலகையில் சிறு சன்னல், சன்னலில் துளைபோட்ட இரும்புத் தகடு, அதன்மேல் மெல்லிய துணி.

கையும் கண்ணும் தடைபட்டன. குரல் மட்டும் போகும். அழுத முகத்தைக் காட்டித் தப்ப முடியாது. நடந்ததைச் சொல்லாக்கியே தீர வேண்டும். மனதுக்குள் மட்டும் செய்த பாவத்தையும் சொல்ல வேண்டுமென்று 1551இலேயே திரெந்து சங்கம் விதித்திருந்தது. ஆக, வரிசையில் நிற்கும்போதே உள்ளுக்குள் விசாரணை தொடங்கிவிடும்: நினைத்தேனா, விரும்பினேனா, எத்தனை தடவை? தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்கும் இந்தப் பயிற்சி உடனே வந்து சேர்ந்தது. என்றிக்கே என்றீக்கஸ் அடிகளாரின் பாவசங்கீர்த்தனக் கையேடு 1580இல் கொச்சியில் தமிழிலேயே அச்சேறிவிட்டது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1976இல் கை வைத்தது இங்கேதான். உள்ளே ஏற்கெனவே கிடந்த உண்மையைக் கேள்வி வெளியே இழுக்கவில்லை. கேட்டுக் கேட்டே அப்படியொரு ‘உள்ளே’ உருவானது என்பது அவர் வாதம். அதே கேள்விதான் பிறகு மருத்துவரிடமும் நீதிமன்றத்திலும் உளப்பகுப்பாய்வாளரின் சாய்விருக்கையிலும் தொடர்ந்ததாம்.

பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் இடிக்கிறது. காவல்நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம் கோப்பாகும். தொட்டியில் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது. முகம் காட்டாமல் பேசுவது ஆள்பவரின் சூழ்ச்சி மட்டுமல்ல, பேசுபவரின் தேவையும்தான். நேருக்கு நேர் பேச வழி பிறந்த பிறகும், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், விரும்புகிறவர்களுக்காக கம்பித் தடுப்புள்ள தொட்டி எப்போதும் இருந்தாக வேண்டும் என்கிறது.