தோன்றா எழுவாய்: ஆஸ்திரேலிய அரசு தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்ட வரலாறு

'தத்து' என்பது கொடுக்கப்பட்டது என்று பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது. கொடுப்பவர் ஒருவர் இருந்தால்தான் எடுப்பவர் உண்டு என்ற ஏற்பாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊரில் சுவீகாரச் சடங்கு நடந்தபோது பெற்றவர்கள் சபையறியப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஏற்றவர்கள் கை நீட்டி வாங்கினார்கள். கொடுக்காத ஒன்றை எடுத்துக்கொண்டுபோனால் அதற்கு வேறு பெயர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் நடந்தது 'கொடுத்தல்'தானா என்ற கேள்விக்கு அந்த நாட்டு அரசு விடை சொல்ல நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த நாற்பதாண்டு வழக்கை ஓர் இலக்கணச் சிக்கலாகவும் படிக்கலாம் என்பது என் கருத்து. 'குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டது' என்ற வாக்கியம் எல்லாப் பதிவேடுகளிலும் இருந்தது. கொடுத்தது யார் என்ற எழுவாய்தான் வெளியே வரவில்லை.

1951 முதல் 1975 வரை ஆஸ்திரேலியாவில் நடந்த தத்தெடுப்புகள் ஏறத்தாழ 1,40,000 முதல் 1,50,000 வரை இருக்கும் என்று மத்திய நாடாளுமன்றத்தின் செனட் குழு பின்னாளில் மதிப்பிட்டது. அவற்றில் எத்தனை வற்புறுத்தலால் நடந்தவை என்று எண்ணிச் சொல்ல வழியில்லை. வற்புறுத்தல் என்பது படிவத்தில் நிரப்பப்படும் கட்டம் அல்லவே. ஆனால் அது நடந்த முறை தாய்மாரின் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வார்த்ததுபோல் வருகிறது. மெல்பர்னிலும் பெர்த்திலும் சிட்னியிலும் வாழ்ந்த, ஒருவரையொருவர் அறியாத பெண்கள் சொன்ன விவரங்கள் ஒத்துப்போனதுதான், இது சில மனிதர்களின் தனிப்பட்ட கொடுமை அல்ல, ஒரு நடைமுறை என்பதற்கு முதல் சான்று.

திருமணமாகாத பெண் கருவுற்றால் வயிறு வெளியே தெரியும் முன் வீட்டார் அவளை ஊர்விட்டு அனுப்பினார்கள். பல கிறித்துவச் சபைகள் நடத்திய மகப்பேற்று விடுதிகள் அதற்கென்றே இருந்தன. அங்கே சலவைக்கூடத்திலும் சமையலறையிலும் மாதக்கணக்கில் வேலை. பிரசவ அறையில் மார்புக்குக் குறுக்கே ஒரு தலையணையோ விரிப்போ தடுப்பாக வைக்கப்படும், குழந்தையின் முகம் தாயின் கண்ணில் பட்டுவிடாமல். பார்த்தால் பாசம் வந்துவிடும் என்பது கணக்கு. அழுகுரல் மட்டும் கேட்கும், அதுவும் விலகிப்போகும் குரலாக. பால் சுரப்பை நிறுத்த ஸ்டில்பெஸ்ட்ரால், அமைதிப்படுத்த பார்பிட்யூரேட் மருந்துகள். சில மருத்துவமனைகளில் அவளுடைய கோப்பின் மேல் 'பி.எஃப்.ஏ.' என்று மூன்று எழுத்துகள் ஏற்கெனவே இருந்தன. 'தத்துக்கான குழந்தை' என்பதன் ஆங்கிலக் குறுக்கம். சம்மதத் தாள் அவள் கைக்கு வரும் முன்பே எழுதப்பட்ட எழுத்துகள் அவை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொன்னது என்பதைப் பார்க்க வேண்டும். சம்மதத்தில் கையெழுத்திடும்வரை குழந்தைக்குச் சட்டப்படிப் பாதுகாவலர் அந்தத் தாயே. நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டப்படி கையெழுத்திட்ட பிறகும் 30 நாளுக்குள் அவள் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அந்த உரிமை தங்களுக்குச் சொல்லப்படவே இல்லை என்று ஏராளமான தாய்மார் சாட்சி சொன்னார்கள். 'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்' என்ற வாதத்தை இந்த ஓர் உண்மையே உடைத்துவிடுகிறது. அந்தக் காலத்துச் சட்டமே அப்படி இல்லை.

கையெழுத்துப் போட வைத்த இன்னொரு சக்தி பணம். 1942இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு கைம்பெண்களுக்கு உதவித்தொகை கொண்டுவந்தபோது திருமணமாகாத தாய் அதில் சேர்க்கப்படவில்லை. குழந்தையை எதை வைத்து வளர்ப்பாய் என்று சமூகப் பணியாளர் கேட்டபோது அவளிடம் பதில் இல்லாமல் போனதற்கு இதுவும் காரணம். 1973 ஜூலையில் பிரதமர் விட்லமின் அரசு தனித்து வளர்க்கும் தாய்க்கு உதவித்தொகை அளித்தது. தத்தெடுப்பு உச்சம் தொட்டது 1971–72இல்: 9,798. பிறகு சரிவுதான்; இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் ஆண்டுக்கு 400க்கும் கீழ். கருத்தடை மாத்திரையும் கருக்கலைப்பு பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளும் இதில் பங்கெடுத்தன, எல்லாப் பெருமையையும் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பிழைக்க வழி கிடைத்ததும் 'கொடுக்கும்' தாய்மார் குறைந்துபோனார்கள் என்றால், முன்பு கொடுத்ததில் விருப்பம் எவ்வளவு இருந்தது?

மறைப்பும் சட்டப்படியே நடந்தது. தத்து முடிந்ததும் குழந்தைக்குப் புதிய பிறப்புச் சான்றிதழ். தாயின் பெயர் இருந்த மூலப் பதிவு முத்திரையிட்டு மூடப்படும். பழைய வாழ்வை ஒரே வெட்டாக வெட்டிவிட்டால் தாயும் மறப்பாள், பிள்ளையும் புதிய வீட்டில் வேர் பிடிக்கும் என்பது அக்காலத்துக் கோட்பாடு. 1984இல் விக்டோரியா மாநிலம்தான் முதலில் அந்தப் பதிவுகளை வளர்ந்த பிள்ளைகளுக்குத் திறந்தது. 1990இல் நியூ சவுத் வேல்ஸ் தாய்மாருக்கும் தகவல் பெறும் உரிமை தந்தது. அரசியல் ரீதியாக இந்தத் திறப்பின் விளைவை யாரும் முழுமையாக எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மகனைத் தேடப் போன பெண் தன் கோப்பையே படிக்க நேர்ந்தது. இருபத்தைந்து வருடமாகத் தன் குற்றம் என்று சுமந்த ஒன்று, வேறொருவர் கையெழுத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததைக் கண்டாள்.

சொற்போர் இங்கேதான் தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் அமைப்பாகத் திரண்ட தாய்மார் தங்களை 'விட்டுக்கொடுத்த தாய்மார்' என்ற பொருள்படும் பெயராலேயே அழைத்துக்கொண்டார்கள். அன்று கையில் இருந்த சொல் அதுதான். 1990களின் நடுவில் டயான் வெல்ஃபேர் முன்னின்று தொடங்கிய 'ஆரிஜின்ஸ்' அமைப்பு அந்தச் சொல்லையே மறுத்தது. நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, எங்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்றது. 'பர்த் மதர்' என்ற வழக்கையும் ஏற்கவில்லை. தமிழில் 'பெற்ற தாய்' என்றால் அதைவிடப் பெரிய உறவு இல்லை. இதில் என்ன அவமானம் என்று நமக்குத் தோன்றும். ஆங்கில வழக்கில் அந்தச் சொல், பெற்றதோடு உன் வேலை முடிந்தது என்று அவளை ஓர் ஓரத்தில் உட்காரவைக்கிறது.

1999இல் டாஸ்மேனியா மாநில நாடாளுமன்றக் குழு இந்தத் தத்தெடுப்பு நடைமுறைகளை விசாரித்தது. 2000 டிசம்பரில் வெளிவந்த நியூ சவுத் வேல்ஸ் மேலவைக் குழுவின் அறிக்கை, நடந்தவற்றுள் சில அறமற்றவை மட்டுமல்ல, சட்டவிரோதமானவை என்று எழுதியது. அந்த மாநில அரசு மன்னிப்புக் கேட்டது 2012இல். பன்னிரண்டு ஆண்டுகள். இடையில் நாட்டின் காற்று மாறியிருந்தது: 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட், குடும்பத்திலிருந்து பறிக்கப்பட்ட பழங்குடித் தலைமுறையினரிடம் மன்னிப்புக் கேட்டார், 2009 நவம்பரில், காப்பகங்களில் துன்புற்று வளர்ந்தவர்களிடம். அரசு மன்னிப்புக் கேட்டால் வானம் இடிந்து விழாது என்று அப்போது தெரிந்துவிட்டது. 2010 அக்டோபர் 19 அன்று மேற்கு ஆஸ்திரேலியா, மாநிலங்களில் முதலாவதாக, இந்தத் தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதமே செனட் விசாரணைக்கு உத்தரவாயிற்று.

தத்தெடுப்பு மாநிலங்களின் அதிகாரம், எங்களுக்கு என்ன தொடர்பு என்று மத்திய அரசு ஒதுங்கியிருக்கலாம். அதனால்தான் விசாரணையின் தலைப்பே 'மத்திய அரசின் பங்கு' பற்றியதாக அமைந்தது. 1960களின் தொடக்கத்தில் மாநிலங்களுக்கெல்லாம் மாதிரித் தத்தெடுப்புச் சட்டத்தை உருவாக்கும் பணியில் மத்திய அரசு இருந்தது; உதவித்தொகை விதிகளை வகுத்ததும் அதன் கைதான். ரேச்சல் சீவர்ட் தலைமையிலான குழு 2012 பிப்ரவரி 29 அன்று அறிக்கை வைத்தது. இருபது பரிந்துரைகள். அவற்றுள் நான் தனித்து எடுத்துக்காட்ட விரும்புவது, மன்னிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று சொன்னது. அன்றைய மதிப்பீடுகளையும் தொழில் வழக்கங்களையும் காரணம் காட்டி மன்னிப்பைத் தணிக்கக் கூடாது. பொறுப்பை ஏற்க வேண்டும் என்றது அது. 'நாங்கள் செய்தோம், ஆனால்' என்பதில் உள்ள 'ஆனால்' வேண்டாம் என்று ஒரு நாடாளுமன்றக் குழு எழுதிவைத்தது அபூர்வம். முன்னாள் குடும்பநல நீதிபதி நாகம் முஷின் தலைமையில் ஒரு குழு அமைந்து வாசகத்தைப் பற்றி ஆலோசனை வழங்கியது.

2013 மார்ச் 21, கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தின் பெருமண்டபம். சுமார் 800 பேர் கூடியிருந்தார்கள். பிரதமர் ஜூலியா கில்லார்ட் வாசித்த உரையில் அரசு எழுவாயாக நின்றது: தாய்மாருக்குத் தங்கள் பிள்ளைகளை நேசிக்கவும் வளர்க்கவும் இருந்த உரிமை மறுக்கப்பட்டதற்கு ஆஸ்திரேலிய மக்களின் சார்பில் இந்த நாடாளுமன்றம் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்கிறது என்றது. அடுத்து எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபோட் பேசினார். அனுதாபத்தோடுதான் பேசினார். ஆனால் 'பெற்றவர்கள்' என்று நாம் சொல்லும் அந்த 'பர்த்' வகைச் சொல் அவர் வாயில் வந்ததும் அரங்கிலிருந்து எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. முப்பது ஆண்டு விவாதம் ஒரு சொல்லில் திரும்பி வந்துவிட்டது. அவருக்குத் தெரியாது, அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். இதற்குள் வெளியே வேறொரு நாடகம். அன்று பிற்பகலே ஆளும் தொழிற்கட்சியின் தலைமைப் போட்டி வெடித்து, முன்னாள் பிரதமர் ரட் நிற்க மறுக்க, கில்லார்ட் போட்டியின்றித் தலைவராகத் தொடர்ந்தார். நாற்பது வருடம் காத்திருந்த தாய்மாரின் நாளை அரசியல் செய்தி அரை நாளில் விழுங்கிவிட்டது.

மன்னிப்போடு 11.5 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள்: ஆதரவுச் சேவை, மனநலப் பணியாளர்களுக்கான வழிகாட்டல், தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவுப் பணி. இழப்பீடு இல்லை. ஆவணக் காப்பகம் 2015இல் திறந்த கண்காட்சிக்கு 'சம்மதமின்றி' என்று பொருள்படும் தலைப்பு வைத்தது. முன்பு சம்மதத் தாளைப் பாதுகாத்த அரசு அதே தாளுக்கு எதிர்ச்சொல்லைத் தலைப்பாக வைத்தது என்பதே அந்தக் காலத்தின் தூரத்தைக் காட்டும்.

வேறு நாடுகளில் எழுவாய் இவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. 2021 ஜனவரியில் அயர்லாந்தின் தாய்-சேய் விடுதிகளைப் பற்றிய விசாரணை ஆணையம் தன் அறிக்கையில், அந்தப் பெண்கள் பட்ட துன்பத்துக்கு முதன்மைப் பொறுப்பு குழந்தைகளின் தந்தையரும் பெண்களின் குடும்பங்களுமே என்றது. அரசும் திருச்சபையும் அதற்குத் துணைபோயின என்றது. 18 விடுதிகள், ஏறத்தாழ 56,000 தாய்மார், 9,000 குழந்தைகளின் மரணம். கட்டாயத் தத்தெடுப்புக்குச் சான்று குறைவு என்ற அதன் முடிவைத் தப்பிப் பிழைத்தவர்கள் ஏற்கவில்லை. பிரதமர் மீஹால் மார்ட்டின் மறுநாள் அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார் என்றாலும், முந்தைய நாள் அவர் சொன்னது சமுதாயம் தனக்குத் தானே செய்துகொண்டது என்பது. பிரிட்டனில் இன்னும் கூர்மையான வழுக்கல். 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,85,000 குழந்தைகள் திருமணமாகாத தாய்மாரிடமிருந்து தத்துப் போனதாக மதிப்பிட்டு, அரசே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனித உரிமைகளுக்கான நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2022 ஜூலையில் சொன்னது. 2023 மார்ச்சில் வந்த அரசின் பதில்: இந்த நடைமுறைகளை அரசு முன்னின்று ஆதரிக்கவில்லை, ஆகவே முறையான மன்னிப்பு பொருந்தாது, சமுதாயத்தின் சார்பில் வருந்துகிறோம். அதே மாதம் 22ஆம் நாள் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன், பதவி விலகும் தறுவாயில், அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் வேல்ஸ் அரசும். நம் செய்தித்தாள்கள் 'வருத்தம் தெரிவித்தார்' என்பதையும் 'மன்னிப்புக் கேட்டார்' என்பதையும் தனித்தனித் தலைப்புகளாகவே போடுகின்றன. அந்த இடைவெளியில்தான் லண்டன் நின்றது. 1973 முதல் 1997 வரை இலங்கையிலிருந்து குழந்தைகள் சுவிட்சர்லாந்துக்குத் தத்துப் போனதில் நடந்த முறைகேடுகளுக்கு 2020 டிசம்பரில் சுவிஸ் அரசு சொன்னதும் வருத்தமே.

ஆஸ்திரேலியாவில் பணத்தைப் பற்றிய கேள்வி மன்னிப்புக்குப் பிறகும் ஓயவில்லை. 2021இல் விக்டோரியா மாநில நாடாளுமன்றக் குழு இழப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்றது. 2024 பிப்ரவரி 1 அன்று தாய்க்கு ஒரே முறையாக 30,000 டாலர் தரும் திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. 1960களின் இறுதியில் பதினெட்டு வயதில் பிரசவித்தவர் அன்று எழுபதைத் தாண்டியிருப்பார். தாய்மாரில் பலர் அதற்குள் இறந்திருந்தார்கள்.

தாளில் ஒரு மாற்றமும் வந்தது. பெற்றவர், வளர்த்தவர் இருவர் பெயரும் ஒன்றாக இடம்பெறும் பிறப்புச் சான்றிதழை ஆராய வேண்டும் என்பது செனட் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று. 2020 நவம்பர் முதல் நியூ சவுத் வேல்ஸ் பதிவகம் அத்தகைய சான்றிதழை வழங்குகிறது. முன்பே தத்துப் போனவர்களும் விண்ணப்பித்து வாங்கலாம். அரை நூற்றாண்டுக்கு முன் முத்திரையிட்டு மூடிய பதிவிலிருந்து ஒரு பெண்ணின் பெயர், மகனோ மகளோ கேட்டு வாங்கும் தாளில் திரும்ப அச்சாகிறது.