பர்மா பஜார் கேசட்டுகளும் யூனிஃப் கோப்பு வடிவமும்

ஜப்பானில் 1983இல் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவி, சாமுராய், லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களிலும் பெயரில்லா நகல்களாகவும் இந்திய வீடுகளுக்கு வந்தது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக 1960களின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தை ஒட்டி உருவான பர்மா பஜார், ராயபுரம், திருவொற்றியூர் பகுதிச் சிறுவர்களுக்கு இக்கருவியும் அதில் செருகும் ‘கேசட்’டும் கிடைத்த இடங்களுள் ஒன்று. அங்கு விற்றவற்றுள் மிகுதியானவை, பல ஆட்டங்களை ஒரே மின்சுற்றுப் பலகையில் அடக்கிய உரிமம் பெறாத கேசட்டுகள். பழைய கருவியின் வன்பொருளைக் கணினிக்குள் நிகழ்த்தும் எமுலேட்டர் மென்பொருளுக்கு இவை பெரும் சிக்கலாயின.

ஃபேமிகாமின் செயலி ஒரு நேரத்தில் கேசட்டின் நிரல் நினைவகத்தில் வழக்கமாக 32 கிலோபைட்டை மட்டுமே காணும் என்பதால், பெரிய ஆட்டங்களில் நினைவகத்தின் எந்தப் பகுதி செயலிக்குத் தெரிய வேண்டும் என்பதை ‘மேப்பர்’ எனப்படும் மின்சுற்று மாற்றிக்கொடுக்கிறது. கேசட்டின் உள்ளடக்கத்தைக் கணினிக் கோப்பாகச் சேமிக்க மராட் ஃபைசூலின் 1996இல் உருவாக்கிய ஐநெஸ் வடிவம், கோப்பின் தொடக்கத்தில் 16 பைட்டுகள் கொண்ட தலைப்பில் இந்த மேப்பரை ஓர் எண்ணாகக் குறித்தது. அதிகபட்சம் 256 எண்களே அதில் அடங்கும். கருப்புப் பிசின் துளிக்குள் சில்லை மறைத்து, மலிவான தர்க்கச் சில்லுகளால் பட்டியல் திரையை இயக்கிய கள்ளப் பலகைகள் பலவும் இந்த எண்களுக்குள் அடங்கவில்லை.

இதற்கு மாற்றாக, 2000ஆம் ஆண்டளவில் டென்னசி கார்மெல்-வெய்யு வகுத்த யூனிஃப் வடிவம் எண்ணைக் கைவிட்டு, பலகையின் பெயரையே கோப்பில் எழுதியது. நான்கெழுத்துக் குறியும் நீள அளவும் கொண்ட துண்டுகளாகக் கோப்பு பகுக்கப்பட்டு, அவற்றுள் ஒன்றில் ‘பிஎம்சி-64இன்1நோரிப்பீட்’ போன்ற பெயர் இடம்பெற்றது. ‘பிஎம்சி’ என்ற முன்னொட்டு, கள்ளத்தனமான பல்லாட்டக் கேசட்டைக் குறிக்கும். உரிமம் பெறாத பலகையையும் அதற்குரிய பெயரோடு பதிவுசெய்ததே யூனிஃபின் உண்மையான சாதனை எனலாம். ஆயினும் பெயர்களை ஒழுங்குபடுத்த யாரும் இல்லாமையால் அவை சீரின்றிப் பெருகின. ஒவ்வொரு பெயருக்கும் எமுலேட்டரில் தனியே நிரல் எழுத வேண்டியிருந்தது.

கெவின் ஹார்டன் 2006இல் முன்வைத்த நெஸ் 2.0 வடிவம், ஐநெஸ் தலைப்பின் 16 பைட்டு அளவை மாற்றாமலேயே மேப்பர் எண்களை 4096 ஆக விரித்ததோடு, இந்தியச் சூழலுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு குறையையும் தீர்த்தது. இந்தியத் தொலைக்காட்சி நொடிக்கு 50 புலங்களும், புலத்திற்கு ஏறத்தாழ 312 வரிகளும் கொண்ட ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையைச் சார்ந்திருந்தது. ஜப்பானிய ஆட்டங்களோ என்டிஎஸ்சி முறையின் 60 புலங்களுக்கும் 262 வரிகளுக்கும் எழுதப்பட்டவை. அவை மாற்றமின்றி ஓடுவதற்காக, தைவானின் யூஎம்சி நிறுவனம் தன் நகல் சில்லில், கூடுதல் 50 வரிகளை, ஒரு திரை வரைந்து முடிந்ததைச் செயலிக்கு அறிவிக்கும் திரை இடைவேளைக் குறுக்கீட்டிற்கு முன்பே கழியவிட்டது. யூனிஃபின் தொலைக்காட்சித் துண்டில் என்டிஎஸ்சி, பால், இரண்டும் என மூன்று தெரிவுகளே இருந்தன, நெஸ் 2.0 இந்த நகல் முறைக்குத் தனி மதிப்பாக 3 என்பதை ஒதுக்கியது.

எனினும் யூனிஃபில், கேசட்டைப் படித்தெடுத்தவர் பெயர், நாள், பயன்படுத்திய சாதனம் ஆகியவற்றுக்கெனத் தனித் துண்டு உண்டு, நெஸ் 2.0 தலைப்பில் அதற்கு இடமில்லை. கடற்காற்றில் செப்பு முனைகள் அரித்துப்போன கேசட்டை மறுபடி படிக்க இயலாதபோது, அந்தத் துண்டே அதன் மூலச் சான்றாகிறது. ஆகவே புதிய வடிவுக்கு மாற்றிய பின்னரும் பழைய யூனிஃப் கோப்பை அழிக்காமல் உடன்வைத்தல் வேண்டும்.