நண்பரின் மணவிழாவும் நிழற்பட ஆர்வலரும்

திருமணம் ஒருமுறையே நிகழ்வது. மோதிரம் மாற்றும் கணத்தைத் தவறவிட்ட நிழற்படக்காரர், அதனை மீண்டும் நடத்திக் காட்டுமாறு மணமக்களைக் கேட்டல் இயலாது. தொழில்முறைக் கலைஞருக்கே அச்சந்தரும் இப்பொறுப்பை, நண்பர் என்ற உரிமையினால் ஓர் ஆர்வலர் ஏற்றுக்கொண்டு, கடல் கடந்த நாடொன்றின் கடற்கரைக்குப் புறப்படுவாராயின், அவர் செய்யவேண்டிய ஆயத்தம் யாது? இவ்வினாவுக்கு நிழற்படக் கலையின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

அக்கலையின் தொடக்கமே இல்லறத்தோடும் நீர்க்கரையோடும் தொடர்புடையது. 1832 டிசெம்பரில் மணம் புரிந்த ஆங்கில அறிஞர் ஹென்றி ஃபொக்ஸ் டால்பொட், 1833 ஒக்டோபரில் தம் மனைவியோடு இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் தங்கியிருந்தார். ஏரியின் எழிலை ஒரு கண்ணாடிக் கருவியின் துணைகொண்டு வரைய முயன்றார், கை ஒத்துழைக்கவில்லை. காட்சி தானாகவே தாளில் பதிந்து நிலைத்தால் எத்துணை நன்று என்னும் எண்ணம் அப்பொழுது உதித்தது. தாயகம் மீண்டபின், உப்புநீரில் தோய்த்த தாளுக்கு வெள்ளி நைத்திரேற்றைப் பூசி, ஒளியைப் பதிக்கும் ஆய்வைத் தொடங்கினார்.

எனினும், மணவிழா நிகழும்போதே அதனைப் படம்பிடித்தல் நெடுங்காலம் இயலாததாயிருந்தது. 1858 ஜனவரி 25ஆந் திகதி விக்டோரியா மகாராணியாரின் மூத்த மகளுக்குத் திருமணம். சடங்குக்குச் செல்லுமுன் தாயும் தந்தையும் மகளும் மணக்கோலத்தில் ஒரு படத்துக்கு நின்றனர். அக்காலக் கமராவின் முன் சில விநாடிகளேனும் அசையாது நிற்றல் வேண்டும். மகாராணியாரோ உணர்ச்சி மேலீட்டினால் நடுங்கினார். படத்தில் அவருருவம் கலங்கியே பதிந்தது. பேரரசின் தலைவியாயினும் மகளைப் பிரியுந் தாய் அசையாது நிற்க முடியாதென்பதற்கு அப்படம் இன்றும் சான்றாக உள்ளது.

கடற்கரையில் இடர்ப்பாடு இன்னும் மிகுதி. 1851இல் ஃபிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டுக்கு மருந்து பூசி, ஈரம் உலருமுன்பே படமெடுத்து, உருத்துலக்கியும் முடித்தல் வேண்டும். ஆதலால் இருட்டுக் கூடாரமும் மருந்துக் குப்பிகளும் நீரும் உடன் செல்ல வேண்டியிருந்தன. வேல்ஸ் நாட்டு ஆர்வலர் ஜோன் டில்வின் லுவெலின், தகட்டின் ஈரத்தைக் காக்கத் தேனையும் வினாகிரியையும் கலந்து பூசும் முறையொன்றை 1856இல் வெளியிட்டார். வீட்டிலேயே தகடுகளை ஆயத்தஞ் செய்து எடுத்துச் செல்ல அது வழிகாட்டிற்று.

இத்துன்பங்களுக்கு முடிவுகட்டிய கதை, நடவாத ஒரு பயணத்திலிருந்து பிறந்தது. 1877இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகர வங்கி இலிகிதரான ஜோர்ஜ் ஈஸ்ட்மன், கரிபியன் கடலிலுள்ள சாந்தோ டொமிங்கோவுக்குச் செல்ல எண்ணினார். பயணத்தைப் படம்பிடிக்குமாறு ஒருவர் கூறவே, கருவிகளை விலைக்கு வாங்கினார். சவர்க்காரப் பெட்டியளவு கமரா, கனத்த முக்காலி, கூடாரம், தகடுகள், குப்பிகள் ஆகியவை ஒருங்கே ஒரு பொதிகுதிரையின் சுமையாயின. பயணம் நடைபெறவில்லை, சுமையைக் குறைக்கும் எண்ணம் மட்டும் நிலைத்தது.

அதே 1877இல், இலங்கையின் களுத்துறையில், ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தம்மைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த்தைப் படம்பிடித்தார். 48ஆவது வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமராவினால் இக்கலைக்கு வந்தவர் அவர். ஈரம் விரைவில் உலரும் வெப்ப நாட்டில் அவரெடுத்து இன்று எஞ்சியுள்ள படங்கள் மிகச் சிலவே.

ஈரத்தின் தளையை அறுத்தவரும் ஓர் ஆர்வலரே. மருத்துவர் ரிச்சர்ட் லீச் மெடொக்ஸ் 1871இல் ஜெலற்றினால் உலர்தகடு செய்யும் வழியை வெளியிட்டார். ஈஸ்ட்மன் பகலில் வங்கியிலும் இரவில் தாயாரின் சமையலறையிலும் உழைத்து அம்முறையைச் செம்மை செய்தார். 1888இல் அவர் விற்பனைக்கு விட்ட கொடாக் கமராவின் விலை 25 டொலர்; அதனுள் 100 படங்களுக்குரிய சுருள் இருந்தது. முடிந்ததும் கமராவையே ரொச்செஸ்டருக்கு அனுப்பினாற் போதும். நல்ல வெயில் அதற்கு இன்றியமையாதது. கடற்கரையோ வெயிலுக்குக் குறைவற்ற இடம். 1900இல் ஒரு டொலருக்குப் பிரௌனி வந்தபின், விருந்தினருள் ஒருவராக நின்றே படம்பிடித்தல் எளிய குடும்பத்தாருக்கும் கைகூடிற்று.

கூடாரமும் குப்பிகளும் மறைந்தன. ஆனால் ஒளியும் உப்பும் மணலும் காலமும் மாறவில்லை. இன்றைய கருவி, வெண்ணிற ஆடையையும் வெண்மணலையும் கண்டு மயங்கி, அவற்றைச் சாம்பல் நிறமாகப் பதிக்க முற்படும். அப்பொழுது ஒளியளவைக் கூட்டுதல் வேண்டும். வெயிலில் மணமகளின் வெள்ளாடையும் மணமகனின் கரிய உடையும் அருகருகே நின்றாலோ, ஆடையின் மடிப்புகள் வெளிறி அழியாவண்ணம் அளவைக் குறைத்தல் வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளிக்கொணர்ந்தவுடன் வில்லையில் நீராவி படியும். சடங்குக்கு நெடுநேரம் முன்னரே கமராவை வெளியே வைத்தல் நன்று. காற்றில் மணல் பறக்குமிடத்தில் வில்லையைக் கழற்றலாகாது. மேலதிக மின்கலமும் இரண்டாவது கமராவும் ஆடம்பரமல்ல. முதல்நாள் அதே நேரத்தில் அவ்விடம் சென்று, கதிரவன் நிற்குந் திசையை அறிதலும், சடங்கின் ஒழுங்கை மணமக்களிடம் கேட்டுக் குறித்தலும் எல்லாவற்றினும் முதன்மையானவை.

லுவெலின் வீட்டிலிருந்தே தகடுகளைப் பூசிக்கொண்டு புறப்பட்டார். பூசுந் தொல்லை இன்று இல்லை. ஆயினும் புறப்படுமுன் செய்து முடிக்கவேண்டிய வேலை அன்றுபோலவே பெரிது. கருவியின் விசைகளைக் கண்மூடியும் இயக்கத்தக்க பழக்கத்தை வீட்டிலேயே பெற்றவர், மணமேடையருகில் கருவியை மறந்து நண்பரின் முகத்தை நோக்கலாம். அம்முகத்தில் எக்கணத்தில் மகிழ்ச்சி பொங்கும், எக்கணத்தில் கண் கலங்கும் என்பதைக் கூலிக்கு வந்த கலைஞரைவிட நன்கறிந்தவர் அவரே.