வால்மீன் வேட்டைக்காரர்கள்

புதிய வால்மீனை மற்றவர்களுக்கு முன்பே கண்டுவிட வேண்டும் என்று இரவுதோறும் வானத்தைத் துழாவுவதே வால்மீன் வேட்டை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வேரூன்றிய இந்தப் பொழுதுபோக்குக்குப் பட்டமோ பதவியோ தேவைப்பட்டதில்லை. சூரியனை நெருங்கும்போதுதான் வால்மீனிலுள்ள பனி ஆவியாகி அது ஒளி பெறுகிறது. அதனால் அந்திக்குப் பிந்தைய மேற்கு வானமும் விடியலுக்கு முந்தைய கிழக்கு வானமும் வேட்டைக்கு ஏற்ற களங்களாயின. தொலைநோக்கியில் தெரிவது பஞ்சுத் துணுக்கு போன்ற மங்கலான திட்டுதான். விண்மீன்களுக்கு நடுவே அது மெல்ல இடம் நகர்ந்தால் வேட்டை பலித்தது என்று பொருள்.

எட்மண்ட் ஹாலி முன்கணித்த வால்மீன் திரும்பி வரவேண்டிய ஆண்டு 1758. பாரிசில் சார்ல் மெசியே அதைத் தேடிக்கொண்டிருக்க, டிரெஸ்டன் நகருக்கு அருகே வாழ்ந்த யோகான் பாலிட்ச் என்ற உழவர் டிசம்பர் 25 அன்று அதை முதலில் கண்டார். மெசியேவின் கண்ணில் அது பட்டது அடுத்த ஜனவரியில்தான். வால்மீன்போல் தோன்றி ஏமாற்றும், ஆனால் இடம் நகராத மங்கல் பொருள்களை மெசியே பட்டியலிட்டார். 1781இல் அதில் 103 பொருள்கள் இருந்தன. விண்மீன் கொத்துகளும் அண்டங்களும் அடங்கிய அந்தப் பட்டியல் இன்றும் வானம் பார்க்கத் தொடங்குவோரின் முதல் கையேடு.

இங்கிலாந்தில் கரோலின் ஹெர்ஷல் 1786 முதல் 1797 வரை 8 வால்மீன்களைக் கண்டார். மார்செய் வான்காணகத்தில் 1789இல் வாயிற்காவலராகச் சேர்ந்த ழான் லூயி போன்ஸ் பார்த்துப் பார்த்தே வானத்தைக் கற்றார். 1801 முதல் 1827 வரை 37 வால்மீன்கள் அவர் கணக்கில் சேர்ந்தன; பின்னாளில் வான்காணக இயக்குநராகவும் உயர்ந்தார்.

பரிசுகளும் ஆர்வத்தைத் தூண்டின. டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் 1831இல் தங்கப் பதக்கம் ஒன்றை நிறுவினார். அமெரிக்காவில் மருந்து வணிகர் வார்னர், ஒவ்வொரு புதிய வால்மீனுக்கும் 200 டாலர் அளித்தார். நாஷ்வில் புகைப்பட நிலையத்தில் சிறுவயதிலிருந்து உழைத்த எட்வர்ட் பர்னார்ட், இப்பரிசுகளைக் கொண்டு வீடே கட்டிக்கொண்டார். 1892இல் வியாழனின் ஐந்தாம் நிலவைக் கண்டுபிடித்தவரும் அவரே.

ஒஹையோவின் டெல்ஃபாஸ் ஊரில் பண்ணைச் சிறுவனாக வளர்ந்த லெஸ்லி பெல்டியர், ஸ்ட்ராபெரி பறித்து 18 டாலர் சேர்த்து முதல் தொலைநோக்கியை வாங்கினார். 1925இல் முதல் வால்மீன் சிக்கியது; வாழ்நாளில் மொத்தம் 12. ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய குறிப்புகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

ஜப்பானில் பியானோ தொழிற்சாலைத் தொழிலாளி கவோரு இகேயா, தாமே ஆடி தேய்த்துச் செய்த தொலைநோக்கியால் 1963இல் 19 வயதில் முதல் வால்மீனைக் கண்டார். 1965 செப்டம்பரில் அவரும் கிட்டார் ஆசிரியர் சுடோமு செகியும் சில நிமிட இடைவெளியில், வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே வால்மீனைக் கண்டனர். அக்டோபரில் சூரியனை ஒட்டிச் சென்ற இகேயா–செகி பட்டப்பகலிலேயே தெரிந்தது.

1995 ஜூலை 23 அன்று நியூ மெக்சிகோவில் ஆலன் ஹேலும் அரிசோனாவில் தாமஸ் பாப்பும் மெசியே பட்டியலின் 70ஆம் பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பக்கத்திலேயே பட்டியலில் இல்லாத ஒரு திட்டு! கட்டுமானப் பொருள் நிறுவன ஊழியரான பாப்பிடம் சொந்தத் தொலைநோக்கிகூட இல்லை; நண்பருடையதில்தான் பார்த்தார். ஹேல்–பாப் வால்மீன் ஏறத்தாழ 18 மாதங்கள் வெறும் கண்ணுக்குத் தெரிந்தது.

1998 முதல் லீனியர் போன்ற தானியங்கித் தேடல்கள் பெரும்பாலான வால்மீன்களை முந்திக்கொண்டு பிடிக்கின்றன. ஆயினும் சூரியனுக்கு அருகிலுள்ள வானப்பகுதியை அவை அதிகம் தொடுவதில்லை. அங்கேதான், 2019 ஆகஸ்ட் 30 அன்று, விடியலுக்கு முன், கிரைமியாவில் கென்னடி போரிசோவ் தாமே உருவாக்கிய 65 செ.மீ. தொலைநோக்கியால் ஒரு வால்மீனைக் கண்டார். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக அறியப்பட்ட முதல் வால்மீன் அது. மெசியே காலத்து வேட்டைக்களம் இன்றும் ஆர்வலர்களுக்குத் திறந்தே இருக்கிறது.